துறைமுகத்துப் பள்ளிக்கூடமும் அதன் ஏழு நாட்களும்



திருகோணமலையில் கத்தோலிக்க ஆரம்பக் கல்வி பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் மறைமாவட்டத்தின் வரலாற்றில் தொடங்கி, ஆயர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி, கட்டடங்கள் எழுந்த கதையோடு முடிப்பது வழக்கம். அந்த வரலாறு எனக்கும் வேண்டும், அதற்கு வருவேன். ஆனால் இன்று நான் எடுத்துக்கொண்டது ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் ஒரு கிழமை. திங்கள் காலையில் மணி அடிப்பதிலிருந்து அடுத்த திங்கள் மணி அடிக்கும் வரையுள்ள ஏழு நாட்கள். சனி, ஞாயிறையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆறு வயதுப் பிள்ளைக்குத் தவணை என்றால் என்னவென்று விளங்காது. ஆண்டு அதற்கு எட்டாத தூரம். நாளைக்குச் சித்திரம், வெள்ளிக்கிழமை விளையாட்டு, ஞாயிறு பூசை என்ற அளவில்தான் அதன் காலம் இருக்கிறது. எழுத்தும் எண்ணும் பிடிபடுவதற்கு முன்பே வகுப்பு நேரசூசி அதற்குப் பிடிபட்டுவிடும். சித்திரப் பாடத்தை ஒரு நாள் கணிதத்துக்கு எடுத்துக்கொண்ட ஆசிரியர் எவரையும் கேட்டுப்பாருங்கள், வகுப்பு முழுவதும் முறையிட்ட கதையைச் சொல்வார். அந்த முறைப்பாட்டைக் குறும்பு என்று தள்ளிவிட எனக்கு மனம் வராது. அடுத்த கிழமையும் இந்தக் கிழமையைப் போலவே வரும் என்று பிள்ளை நம்புகிறது. அந்த நம்பிக்கையின் மேல் நின்றுதான் வாசிக்கவும் எண்ணவும் பழகுகிறது. இந்த மாவட்டத்தின் கத்தோலிக்கப் பள்ளிகள் தந்த பெரிய கொடை, நம்பத்தக்க ஒரு கிழமை என்பதே என் கருத்து. அது பல தடவை உடைபட்டது, பல தடவை ஒட்டவைக்கப்பட்டது. இப்போது அதை உடைப்பது போரும் இல்லை, கடலும் இல்லை. நாமே உடைக்கிறோம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. மிஷன் பள்ளிகள் வருவதற்கு முன்னர் தமிழ்ப் பிள்ளைகள் படித்த திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஞாயிற்றுக்கிழமைக்குத் தனி மதிப்பு இருக்கவில்லை. அமாவாசை, பௌர்ணமி, அவற்றை அடுத்த பிரதமை, இடையில் அட்டமி என்று சந்திரனைப் பார்த்துத்தான் விடுமுறை விட்டார்கள். மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளைக்கு ஓய்வுநாளை வானம் சொன்னது. அந்த ஒழுங்கும் ஒழுங்குதான். ஊரின் விரதங்களோடும் திருவிழாக்களோடும் இசைந்து போன ஒழுங்கு. மிஷன்காரர்கள் வேறொரு கிழமையைக் கொண்டுவந்தார்கள். ஆறு நாள் வேலை, ஏழாவது நாள் ஆண்டவருக்கு. கோயில் மணியும் பள்ளிக்கூட மணியும் ஒரே வளவுக்குள் அடித்தன.

திருகோணமலை அப்போது யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் பொறுப்பில் இருந்தது. 1868இல் யாழ்ப்பாணத்தின் ஆயரான கிறிஸ்தோபர் பொஞ்சீன், அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்தவர், பிரெஞ்சுக்காரர். கோயம்புத்தூர்ப் பக்கம் ஊழியம் செய்துவிட்டு இலங்கைக்கு வந்ததால் தமிழும் தமிழரும் அவருக்குப் பழக்கம். கோயில் இருக்கும் இடத்தில் பள்ளிக்கூடமும் இருக்கவேண்டும் என்பதில் அவர் விடாப்பிடியாக நின்றார். சமயப் பள்ளிகளுக்கு அரசு உதவிப்பணம் தரவேண்டும் என்று அவர் எழுதி வாதாடிய காலத்தில்தான், 1869இல், பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்தது. உதவி நன்கொடை முறையும் அதைத் தொடர்ந்து வந்தது. ஒரு கரும்பலகையும் நாலு வாங்கும் உள்ள ஓலைக்கொட்டில்கூட, பரிசோதகர் வந்து பார்த்து ஒப்புக்கொண்டால், பள்ளிக்கூடமாகப் பதியப்பட்டது. கரையோரத்துச் சிறிய பள்ளிகள் பல உயிர் பிழைத்தது அந்தப் பணத்தில்தான்.

1893இல் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் திருகோணமலையைத் தனி மறைமாவட்டமாக்கினார். அதைப் பொறுப்பேற்றவர்கள் பிரான்சிலிருந்து வந்த இயேசு சபைக் குருக்கள். முதல் ஆயர் சாள்ஸ் லவீஞ். 1898 முதல் 1913 வரை இங்கே பணியாற்றினார். அதற்கு முன் கேரளத்தின் கோட்டயத்தில் ஆயராக இருந்தவர். 1891இல் சங்கனாச்சேரியில் அவர் தொடங்கிய பேர்க்மன்ஸ் பள்ளி இன்றும் நடக்கிறது.

இயேசு சபையார் என்றால் கல்லூரிகள்தான் பலருக்கும் ஞாபகம் வரும். எனக்கு அவர்களுடைய கிழமைதான் முக்கியம். 1599இல் அந்தச் சபை தன் பள்ளிகளுக்கென்று வகுத்த பாடமுறை நூல் ஒன்று உண்டு. கீழ் வகுப்புகளைப் பற்றி அது சொல்லும் ஒழுங்குகளைப் படிக்கும்போது, வகுப்பறையில் நின்று பழகியவர்கள் எழுதியது என்பது தெரிகிறது. கிழமை முழுவதும் படித்ததைச் சனிக்கிழமை திரும்ப ஒப்புவிக்க வேண்டும். ஞானோபதேசம் வெள்ளி அல்லது சனி. வகுப்பை இரண்டு அணிகளாகப் பிரித்துக் கேள்விப் போட்டி நடத்தவேண்டும். கிழமையில் ஒரு நாள் ஓய்வும் விளையாட்டும் இருக்கவேண்டும். படித்ததைத் திரும்பப் பார்ப்பதற்கு ஒரு நாளையே விட்டுவைத்த அந்த அறிவை நான் மதிக்கிறேன். இன்றைய பாடத்திட்டத்தில் எல்லாம் இருக்கிறது, திரும்பிப் பார்க்கிற சனிக்கிழமை மட்டும் இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவிலிருந்து இயேசு சபையின் நியூ ஓர்லியன்ஸ் மறைமாகாணத்தைச் சேர்ந்த குருக்கள் கிழக்குக்கு வந்தார்கள். 1947 முதல் 1974 வரை இக்னேஷியஸ் கிளெனி ஆயராக இருந்தார். கிழக்கில் கூடைப்பந்தை வளர்த்தவர்கள் இந்த அமெரிக்கக் குருக்கள். அந்த விளையாட்டால் நினைக்கப்படும் யூஜின் ஹீபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்ட் 15ஆம் நாள், மாதா விண்ணேற்புத் திருநாளன்று, மட்டக்களப்புக்குப் போகும் வழியில் காணாமற்போனார். திரும்பி வரவேயில்லை. அவரைப் பற்றிக் கேட்டவர்கள் இன்னும் விடை பெறவில்லை என்பதை இந்த மேடையில் ஒரு தடவை சொல்லிவைக்க வேண்டும்.

சரி, கிழமைக்கு வருகிறேன். ஆண்களுக்குப் புனித சூசையப்பர் கல்லூரி, பெண்களுக்குப் புனித மரியாள் கல்லூரி என்ற நகரத்துப் பெரிய பள்ளிகளை எல்லோருக்கும் தெரியும். அவற்றைச் சுற்றி, கடற்கரைக் குடியிருப்புகளிலும் உள்ளூர்களிலும், றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலைகள் இருந்தன. பலகையில் "றோ.க.த.க." என்று சுருக்கி எழுதியிருக்கும். அங்கே திங்கள் காலைக் கூட்டத்தில் நகமும் தலையும் பார்த்தார்கள். பன்னிரண்டு மணிக்குத் திரிகால செபத்துக்கு மணி அடிக்கும். வகுப்பு அப்படியே எழுந்து நிற்கும். செவ்வாய் அந்தோனியாருக்கு. மாதத்தின் முதல் வெள்ளி திரு இருதயத்துக்கு. அதற்கு முந்திய நாள் பாவசங்கீர்த்தனம். தவக்கால வெள்ளிகளில் சிலுவைப்பாதை, மே மாதத்தில் மாதா வணக்கம், ஒக்ரோபரில் செபமாலை. கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் நற்கருணை வீரர் சபையும் இருந்தது. பிள்ளைகள் கிழமை முழுவதும் தாங்கள் செய்த சிறிய ஒறுத்தல்களை எண்ணிக் கணக்கு வைத்துக்கொள்வார்கள்: ஒரு இனிப்பைத் தம்பிக்குக் கொடுத்தது, கோபம் வந்தும் அடிக்காமல் விட்டது. எட்டு வயதில் தன் கிழமையைத் தானே திரும்பிப் பார்க்கப் பழக்கும் அந்தச் சிறு வேலை, பக்தியை விட்டுப் பார்த்தாலும், நல்ல கல்வி.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்கும் ஓய்வு. கத்தோலிக்க மீனவர் ஞாயிறு வலை போடுவதில்லை என்பது நீர்கொழும்பு முதல் மன்னார் வரை உள்ள பழக்கம். மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்க மீனவர் இந்தக் கரைக்கு வந்து வாடி அடித்துத் தங்குவார்கள். அவர்களும் அந்தப் பழக்கத்தோடு வந்தார்கள். அப்பா வீட்டில் இருக்கும் ஒரே நாள் அதுதான் என்பதால், மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு ஞாயிறு இரட்டைத் திருநாள்.

இந்தக் கிழமை கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதாக இருந்திருந்தால் நான் இவ்வளவு பேசமாட்டேன். இது துறைமுக மாவட்டம். 2012 குடிசன மதிப்பீட்டில் இங்கே முஸ்லிம்கள் ஐந்தில் இரண்டு பங்கு, தமிழர் பத்தில் மூன்று பங்கு, சிங்களவர் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல். எவருக்கும் பெரும்பான்மை இல்லாத மாவட்டம். கத்தோலிக்கர் தமிழருக்குள்ளும் சிறுபான்மை. ஆகவே கத்தோலிக்கப் பள்ளியின் வாங்கில் எப்போதும் சைவப் பிள்ளைகள் இருந்தார்கள். பல இடங்களில் முஸ்லிம் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அந்தப் பள்ளியின் வெள்ளிக்கிழமையைப் பாருங்கள். சைவப் பிள்ளை தலைமுழுகி, திருநீறு பூசி, மரக்கறிச் சாப்பாட்டோடு வரும். முஸ்லிம் பிள்ளைக்கு ஜும்ஆவுக்கு நேரம் பார்க்கவேண்டும். கத்தோலிக்கப் பிள்ளைக்குத் தவக்காலமென்றால் இறைச்சி இல்லை, மீன் உண்டு. ஒரே இடைவேளையில் மூன்று சாப்பாட்டுப் பெட்டிகள், மூன்று கட்டுப்பாடுகள். தரம் இரண்டுப் பிள்ளைகள் ஒருவர் பெட்டியை ஒருவர் எட்டிப் பார்த்து, யார் எதைச் சாப்பிடாது, யாருக்கு எதைக் கொடுக்கக்கூடாது என்பதைச் சரியாகத் தெரிந்து வைத்திருப்பார்கள். அதை எந்தப் பாடநூலும் சொல்லித்தரவில்லை. வேண்டாததை நீட்டாமல் இருப்பது மரியாதை என்பதை ஏழு வயதில் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அடுத்தது சமய பாட நேரம். இந்த நாட்டின் பாடத்திட்டத்தில் சமயம் ஒரு பாடம். பிள்ளை தன் பெற்றோரின் சமயத்தைப் படிக்கவேண்டும். சைவநெறிக்கும் இஸ்லாத்துக்கும் கத்தோலிக்கத்துக்கும் பௌத்தத்துக்கும் ஏனைய கிறிஸ்தவத்துக்கும் அரசு தனித்தனி நூல் அச்சிட்டு இலவசமாகத் தருகிறது. பல சமயப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் அந்த மணி அடித்ததும் வகுப்பு பிரியும். ஒரு கூட்டம் அந்த அறையிலேயே இருக்கும், ஒரு கூட்டம் பக்கத்து அறைக்குப் போகும், ஒரு கூட்டம் மண்டபத்தின் மூலைக்கு, இடமில்லாவிட்டால் வேப்பமரத்தடிக்கு. அடுத்த மணிக்கு எல்லோரும் திரும்பி வந்து அதே வாங்கில் நெருக்கிக்கொண்டு உட்கார்வார்கள்.

பிரிவதைப் பற்றி எதிர்க்கருத்து உண்டு. பிள்ளைகளைச் சமயத்தால் பிரித்து உட்காரவைப்பதே பிளவின் தொடக்கம் என்று நல்ல மனம் படைத்தவர்கள் பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமிழ், சிங்களம் என்று போதனாமொழியால் பள்ளிக்கூடமே பிரிந்து, முஸ்லிம் பள்ளிகளும் தனியாக இயங்கும் நாடு இது. இங்கே ஒரு பிள்ளை மற்றச் சமயத்தவன் ஒருவனோடு ஒரு வாங்கில் உட்காரும் வாய்ப்பே குறைவு. அந்த வாய்ப்பைத் தரும் பள்ளியில் நாற்பது நிமிடம் பிரிந்து போவது, பிறகு திரும்பி வருவதற்காகவே. போகும்போது பென்சிலை வாங்கில் விட்டுவிட்டுப் போகிற பிள்ளை, அது அங்கேயே இருக்கும் என்று நம்பித்தான் போகிறது. அந்தப் பிரிதலை மறைக்காமல், பயமில்லாமல், நேரசூசியில் எழுதிவைத்து நடத்துவது நேர்மையான முறை. முற்காலத்து மிஷன் பள்ளிகள் எல்லாம் இப்படி நடக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சைவப் பிள்ளைகளும் ஞானோபதேச வகுப்பில் உட்காரவைக்கப்பட்ட காலம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் தனியாகச் சைவப் பள்ளி தொடங்க நேர்ந்தது மிஷன் பள்ளிகளின் இந்தப் போக்கினால்தான். பெற்றோரின் சம்மதமில்லாமல் பிறசமயப் பிள்ளைக்குச் சமயம் போதிக்கக்கூடாது என்ற விதி, பல்லாண்டு வாதத்துக்குப் பிறகு சட்டத்தில் ஏறியது. கத்தோலிக்கத் திருச்சபை அதை அன்றைக்கு மனமுவந்து வரவேற்கவில்லை. இன்று நாம் பெருமையாகச் சொல்லும் சமய பாட நேரம், நம்மை எதிர்த்தவர்களும் சேர்ந்து நமக்குத் தந்தது.

1960 டிசம்பர் 1. அன்று வியாழக்கிழமை. அந்த ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி, அரசு உதவி பெற்ற பள்ளிகளின் முகாமையை அரசு ஏற்றது. பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க, கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். 1961இன் 8ஆம் இலக்கச் சட்டம் அவற்றின் நிலத்தையும் கட்டடங்களையும் அரசுக்கு உரித்தாக்கியது. தெற்கே கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிக்கூடங்களுக்குள் போய் இருந்து மறியல் செய்தார்கள்; சமரசம் பேச பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிராசியஸ் வரவேண்டியிருந்தது. பெரிய பள்ளிகள் சில, கட்டணம் வாங்காத தனியார் பள்ளிகளாகத் தனித்து நிற்பதைத் தெரிவுசெய்தன. கிராமத்துச் சிறிய பள்ளிகளுக்கு அந்தத் தெரிவே இல்லை. நமது "றோ.க.த.க." பலகைகள் அரசாங்கப் பலகைகள் ஆகின.

அந்த நாளைத் துக்க நாளாக நினைத்தவர்களின் மனத்தை நான் அறிவேன். சதம் சதமாக மீனவர் சேர்த்துக் கட்டிய கட்டடம் அது. ஆனால் வகுப்பறைக்குள் நின்று பார்த்தால் பெரும்பாலான இடங்களில் அடுத்த திங்களும் மணி அடித்தது, அதே ஆசிரியர் வந்தார், சுவரில் மாதா படம் இருந்தது. சம்பளமும் ஓய்வூதியமும் உறுதியானதால் ஆசிரியர் நிம்மதியடைந்தார் என்பதும் உண்மை. கிழமை உடையவில்லை. அது உடைந்தது ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு.

1966 ஜனவரி முதல் இலங்கையில் ஞாயிறு விடுமுறை நாளாக இருக்கவில்லை. இளையவர்கள் பலருக்கு இது தெரியாது, சொன்னால் நம்பமாட்டார்கள். டட்லி சேனாநாயக்கவின் அரசு, சந்திரனின் நாலு கட்டங்களில் வரும் போயா நாட்களை வார ஓய்வுநாளாக்கியது. போயாவும் அதற்கு முந்திய நாளும் வார இறுதி. மற்றவை எல்லாம் வேலைநாள். பௌத்தர்களுக்கு அது நியாயமான கோரிக்கை. அன்னியர் ஆட்சியில் இழந்த தங்கள் ஓய்வுநாளை அவர்கள் திரும்பக் கேட்டதில் குற்றம் காண எனக்கு மனமில்லை. நம் திண்ணைப் பள்ளிகளும் சந்திரனைத்தான் பின்பற்றின என்று சற்று முன்னர்தான் சொன்னேன்.

ஆனால் சந்திரனுக்கு ஏழு என்ற எண் தெரியாது. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குச் சராசரியாக ஏழு நாளும் ஒன்பது மணி நேரமும் ஆகிறது. ஆகவே சில வாரங்கள் ஏழு நாள், சில வாரங்கள் எட்டு நாள். வேலைநாட்களுக்குத் திங்கள், செவ்வாய் என்ற பெயர் பயன்படாமல், பி ஒன்று, பி இரண்டு என்று எண் போட்டார்கள். சாதாரணமாகப் பி ஐந்துடன் முடியும். எட்டு நாள் வாரத்தில் பி ஆறும் வரும். போயா மெல்ல மெல்ல நகர்ந்து, ஏறக்குறைய நாலரை மாதத்தில் கிழமையின் ஏழு நாட்களையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். அந்தச் சுற்றில் சில வாரங்கள் மட்டும் ஞாயிறு விடுமுறையோடு ஒத்துவரும். மற்ற வாரங்களில் ஞாயிறு பள்ளிக்கூட நாள்.

ஒரு கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிப் பிள்ளையின் இடத்தில் நின்று அந்த ஆண்டுகளைப் பாருங்கள். பள்ளிக்கூடத்தின் உரிமையாளர் மாறிவிட்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், இலத்தீனில் கேட்ட பூசை தமிழாகிவிட்டது. இப்போது ஞாயிறும் போய்விட்டது. ஒரே பத்தாண்டுக்குள் மூன்று மாற்றம். அவற்றுள் பெரியவர்கள் அதிகம் விவாதித்தவை முதல் இரண்டும். பிள்ளைக்கு அன்றாடம் உறைத்தது மூன்றாவதுதான் என்று நான் நினைக்கிறேன். விடிய முதல் பூசைக்குப் போய்விட்டு அப்படியே பள்ளிக்கு ஓடவேண்டும், அல்லது பள்ளி விட்டு மாலைப் பூசைக்குப் போகவேண்டும். ஞானோபதேச வகுப்புக்கு நிலையான நாள் இல்லை. அப்பா கடலுக்குப் போகாத நாளில் பிள்ளை வகுப்பறையில். பிள்ளை வீட்டில் இருக்கும் போயாவில் அப்பா கடலில். வெள்ளிக்கிழமைக்கென்று இருந்த விளையாட்டு எந்தப் பி-யில் வரும் என்பதை ஒவ்வொரு வாரமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சைவப் பிள்ளையின் வெள்ளியும் முஸ்லிம் பிள்ளையின் வெள்ளியும் அதேபோல நேரசூசிக்குள் அலைந்தன. அந்த வகுப்பறையில் மூன்று பேருக்கும் ஒரே கஷ்டம்.

உலகத்தோடு வர்த்தகம் செய்ய முடியாமல் நாடு திணறியதால் 1971இல் ஞாயிறு திரும்பி வந்தது. முழுமதிப் போயா மட்டும் விடுமுறையாக நின்றது. பௌத்தருக்கும் கிறிஸ்தவருக்கும் ஓரளவு நியாயமான ஏற்பாடு அது. ஐந்தரை ஆண்டு நடந்த அந்தப் பரிசோதனையைப் பொருளாதாரக் கணக்கோடு மட்டும் எழுதிவிட்டார்கள். தரம் ஒன்றில் சேர்ந்து ஐந்தாம் வகுப்பு முடியும்வரை ஒரு நிலையான கிழமையைக் காணாமலே ஆரம்பக் கல்வியை முடித்த ஒரு தலைமுறை இருக்கிறது. அவர்களிடம் போய் யாராவது கேட்டு எழுதவேண்டும். இங்கே இருக்கும் பல்கலைக்கழக மாணவர்களிடம் இதைக் கோரிக்கையாகவே வைக்கிறேன். அவர்களுக்கு இப்போது அறுபதும் அதற்கு மேலும் வயது.

பிறகு வந்த உடைவுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே இருப்பவர்கள் அவற்றை வாழ்ந்தவர்கள். போர்க்காலத்தில் பள்ளிக்கூடங்கள் அகதிமுகாம் ஆகின. 2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் கந்தளாய்க்கு ஓடியபோது பிள்ளைகளுக்குத் திங்களும் இல்லை, வெள்ளியும் இல்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிறு, போயா நாளும்கூட; எல்லோருக்கும் விடுமுறையான அந்தக் காலையில்தான் கடல் வந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு, கோயில்களில் குண்டு வெடித்த நாள். அதற்கு அடுத்த ஞாயிறு நாட்டின் பல இடங்களில் கோயில் பூசை இல்லை; தொலைக்காட்சியில் பார்த்தோம். பள்ளி திறந்தபோது வாசலில் தாய்மார் நின்று புத்தகப் பைகளைத் திறந்து பார்த்தார்கள். 2020இல் தொற்றுக்காக மூடியபோது கடைசியாகத் திறந்தவற்றுள் ஆரம்ப வகுப்புகளும் அடங்கும். 2022 ஜூலையில் எரிபொருள் இல்லாமல், மூன்று நாள் மட்டும் பள்ளி நடந்த வாரங்கள் இருந்தன. அப்போது ஆரம்ப வகுப்பு ஆசிரியர்கள் பலரும் சொன்னது ஒன்றுதான்: பாடம் பின்தங்கியதைப் பிடித்துவிடலாம், பிள்ளைகள் ஒவ்வொரு வாரமும் புதிதாகப் பள்ளியில் சேர்ந்தவர்கள் போல வந்து நிற்கிறார்கள்.

இவை எல்லாம் நம் கையில் இல்லாதவை. இனி நம் கையில் இருப்பதைப் பேசுகிறேன்.

1990களின் கடைசியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் நல்ல சீர்திருத்தம். தரம் ஒன்று, இரண்டில் விளையாட்டு மேலோங்கி இருக்கும். மூன்று, நாலில் விளையாட்டு, செயற்பாடு, மேசைவேலை மூன்றும் சமமாகும். ஐந்தில் மேசைவேலை கூடும். பாடங்களைச் சுற்றாடலோடு பிணைத்தார்கள். துறைமுகத்துப் பிள்ளைக்கு இது வாய்ப்பு. கச்சான் காற்றும் வாடைக்காற்றும், கரைவலை இழுப்பதும், சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளும், கிண்ணியாப் பாலமும் வகுப்புக்குள் வரலாம். பாலம் திறந்த 2009க்கு முன் மிதவையில் கடந்த கதையைத் தாத்தாவிடம் கேட்டு வந்து சொல்லலாம். தாளில் இவ்வளவும் இருக்கிறது. ஆனால் தரம் மூன்றின் நடுப்பகுதியிலேயே புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் விழுந்துவிடுகிறது.

வறிய பிள்ளைக்கு உதவிப்பணமும் நல்ல பள்ளியில் இடமும் கிடைக்க ஏற்பட்ட பரீட்சை அது. அந்த நோக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். அதனால் உயர்ந்தவர்கள் இந்த அவையிலும் இருப்பார்கள். இன்று அது பத்து வயதுப் பிள்ளையின் முழுக் கிழமையையும் விழுங்கிவிட்டது. பள்ளி விட்டதும் பிரத்தியேக வகுப்பு. சனி காலை ஒன்று, மாலை ஒன்று. ஞாயிறு காலை மாதிரி வினாத்தாள். கோயிலில் மறைக்கல்வி வகுப்புக்குத் தரம் இரண்டில் முப்பது பிள்ளை வந்தால் தரம் ஐந்தில் பாதிகூட வருவதில்லை என்று பங்குகளில் சொல்கிறார்கள். சைவ அறநெறிப் பள்ளிகளிலும் இதே முறைப்பாடு. பௌத்த தகம் பாசலைகளிலும் இதே முறைப்பாடு. மதகுருமார் எல்லோரும் ஒன்றாகப் பேசும் விடயம் இந்த நாட்டில் அரிது. இதில் ஒன்றாகவே பேசுகிறார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் 2023இல், கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெள்ளி மாலையும் ஞாயிறும் தனியார் வகுப்பு வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள்.

பரீட்சையே ஞாயிற்றுக்கிழமையில்தான் நடக்கிறது. 2023இல் ஒக்ரோபர் 15, 2024இல் செப்டெம்பர் 15, 2025இல் ஆகஸ்ட் 10, மூன்றும் ஞாயிறு. மண்டபமும் ஆசிரியரும் கிடைக்கும் நாள் என்று நிர்வாகம் காரணம் சொல்லும். 1966இல் சட்டம் போட்டு எடுத்த ஞாயிற்றை 1971இல் சட்டம் போட்டுத் திரும்பத் தந்தார்கள். இப்போது சட்டமில்லாமலே எடுத்துக்கொள்கிறோம்; பெற்றோரும் சேர்ந்து கையளிக்கிறோம். பரீட்சையைச் சனிக்கிழமைக்கு மாற்றும்படி கேட்பதற்கு நாலு சமயத் தலைவர்களும் கையெழுத்திட்ட ஒரு கடிதம் போதும். அதை இந்த மாவட்டத்திலிருந்து அனுப்பலாம்.

திருச்சபைக்கும் ஒன்று சொல்லவேண்டும். ஞாயிறு மறைக்கல்வியும் புள்ளி, பரீட்சை, சான்றிதழ் என்று போனால் அது ஆறாவது பள்ளிக்கூட நாள்தான். பூசை முடிந்து, மந்திரம் இரண்டு சொல்லி, ஒரு கதை கேட்டு, கோயில் வளவில் ஓடி விளையாடிவிட்டு வீட்டுக்குப் போகிற பிள்ளை அடுத்த ஞாயிறு தானாக வரும். முதல் நன்மைக்கு ஆயத்தம் செய்யும் ஆண்டில்கூட அவ்வளவு போதும்.

அதிபர்களிடம் என் வேண்டுகோள், வெள்ளிக்கிழமைக் கடைசி இரண்டு பாடவேளைகளையும் தரம் ஐந்து உட்பட எல்லா ஆரம்ப வகுப்புகளிலும் விளையாட்டுக்கும் சித்திரத்துக்கும் விட்டுவையுங்கள். யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கிழமையில் ஒரு நாள், கிழமை முழுவதும் படித்ததைத் திரும்பப் பார்க்க ஒரு பாடவேளை வையுங்கள். புதிய பாடம் அதில் வேண்டாம். நானூறு ஆண்டுக்கு முன் எழுதிய ஒழுங்கு அது; இன்னும் வேலை செய்கிறது.

கடைசியாக, இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையிடம். சமய பாட நேரத்தைப் பற்றி நீளமாகப் பேசினேன். அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சைவப் பள்ளியில் இரண்டு கத்தோலிக்கப் பிள்ளைகள் இருப்பார்கள், கத்தோலிக்கப் பின்னணியுள்ள சிறிய பள்ளியில் மூன்று முஸ்லிம் பிள்ளைகள் இருப்பார்கள். அவ்வளவு பேருக்கென்று ஓர் ஆசிரியர் நியமனம் கிடைக்காது. மணி அடித்து வகுப்பு பிரியும்போது அந்த இரண்டு மூன்று பிள்ளைகளுக்குப் போவதற்கு இடமில்லை. மற்றவர் படிக்கும்போது பின்வாங்கில் சும்மா இருக்கிறார்கள். ஒரு சமய ஆசிரியர் கிழமையில் ஐந்து நாளும் ஐந்து பள்ளிகளுக்குப் போய் வந்தால் இது தீரும். வலயக் கல்விப் பணிமனையோடு பேசி நாளைப் பிரித்துக்கொள்ளலாம்; பள்ளிவாசலும் கோயிலும் ஆலயமும் ஆட்களைத் தரும். இல்லாதது பயணச் செலவு. நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் பஸ் கட்டணம், மதியச் சாப்பாடு, மாதம் ஒரு சிறு தொகை. இந்தச் சொற்பொழிவுக்கு ஆண்டுதோறும் செலவாகும் பணத்திலிருந்தே அதைத் தொடங்கலாம். அதற்காக அடுத்த ஆண்டு சொற்பொழிவை நிறுத்தவேண்டி வந்தால் நிறுத்துங்கள். வரும் தவணை தொடங்குவதற்கு முன் அந்த ஐந்து பள்ளிகளின் பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு நானே உங்கள் காரியாலயத்துக்கு வருகிறேன்.